காய் விட்ட தோழியும் பேசாத வீடும்

வாசகர் கேள்வி: 2024 ஜூன் 21, மாலை 6.10

என் மகளுக்கு 7 வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அவளுடைய நெருங்கிய தோழி காய் விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் எழுந்து அழுகிறாள். காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். என் மாமியார், “பிள்ளைகள் விளையாட்டு, கண்டுகொள்ளாதே” என்கிறார். கணவர் பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார். ஒரு குழந்தையின் மனத்தை உருவாக்குவது வீடுதான் என்று நான் நம்பியிருந்தேன். வீட்டில் இவ்வளவு பாசம் காட்டியும், ஒரு சிறுமி நீட்டிய சுண்டுவிரல் அத்தனையையும் கவிழ்த்துவிடுமா?

1. ஜூன் 21, இரவு 9.40

பள்ளியை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

நான் திருப்பூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காய் விடாத குழந்தை ஒன்றைக்கூட அந்த ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. சுண்டுவிரலை நீட்டினால் காய். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டினால் பழம். உங்கள் மாமியார் இதை விளையாட்டு என்கிறார். கோபம் என்பது ஓர் இடத்தில் தொடங்கி ஓர் இடத்தில் முடியக்கூடியது என்பதற்குக் குழந்தைகள் தாங்களாகவே செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது என்று நான் நினைக்கிறேன். தொடங்கியதும் எல்லார் கண்ணுக்கும் தெரியும், முடிந்ததும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். என் வகுப்பில் காலையில் விட்ட காய்களில் பெரும்பாலானவை மதிய உணவுக்குமேல் தாங்கியதில்லை. தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காதவள் அதை யாருக்குக் கொடுப்பது என்று பக்கத்தில் திரும்பும் இடத்திலேயே பழம் விடப்பட்டுவிடும்.

உங்கள் மகளின் காய் அப்படி மதியத்தோடு முடியவில்லை. அதனால் ஒன்றைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்: அவளை விட்டுப் போனது ஒரு தோழியா, அல்லது வகுப்பு முழுவதுமா? 1982-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் கோயி, கென்னத் டாட்ஜ் ஆகியோர் தங்கள் உடனாய்வாளருடன் சேர்ந்து, குழந்தைகளிடம் வகுப்பில் மிகவும் பிடித்தவர்கள் யார், மிகவும் பிடிக்காதவர்கள் யார் என்று கேட்டு, அந்த விடைகளைக் கொண்டு அவர்களை வகைப்படுத்தினார்கள். அதில் எனக்குப் பயன்பட்ட பாகுபாடு, பலரால் வெறுத்து ஒதுக்கப்படும் குழந்தைக்கும் எவராலும் கவனிக்கப்படாமல் இருக்கும் குழந்தைக்கும் இடையில் உள்ளது. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் தனியாகவே நிற்பார்கள். ஆனால் ஒதுக்கப்படும் குழந்தைக்குப் பின்னாளில் வரக்கூடிய தொல்லைகள் வேறு, கவனிக்கப்படாத குழந்தையின் நிலை வேறு. ஒரே ஒரு தோழியை இழந்த குழந்தை இந்த இரண்டிலும் சேராமலேயே இருக்கலாம். ஆசிரியையிடம் “என் மகள் எப்படி இருக்கிறாள்?” என்று கேட்காதீர்கள், “நன்றாக இருக்கிறாள்” என்றுதான் விடை வரும். மதியம் அவள் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு, அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது எப்படி முடிகிறது?

2. ஜூன் 22, காலை 5.50

இரவு ஒரு வாசகர், பெற்றோர் வளர்ப்பால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை, கூட்டாளிகளே எல்லாம் என்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் உளவியல் எழுத்தாளர் ஜூடித் ரிச் ஹாரிஸ் 1995-இல் ஏறத்தாழ இதே கருத்தை முன்வைத்தார்; குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோரின் உச்சரிப்பை விட்டுவிட்டுத் தெருப் பிள்ளைகளின் உச்சரிப்பை எடுத்துக்கொள்வது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. அவரை எளிதில் ஒதுக்கிவிட என்னால் முடியாது, ஏனென்றால் அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்னலாடை நிறுவனங்களுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாமல் இருந்தார்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் “ஏனுங்க டீச்சர், அவன் புடுங்கறானுங்க” என்று கொங்குத் தமிழில் முறையிட வந்தார்கள். இதை அவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை, அவர்களுடைய பெற்றோராலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. வேப்பமரத்தடியில் விளையாடிய விளையாட்டு கற்றுக்கொடுத்தது.

ஆனால் அதே பிள்ளைகளில் ஒருத்தி ஒரு நாள் படியில் விழுந்து நெற்றியில் அடிபட்டபோது, அதுவரை என்னிடம் தமிழில் மட்டுமே பேசிவந்தவள், ஒடியாவில்தான் அழுதாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அவள் தம்பியை ஒன்றாம் வகுப்பிலிருந்து அழைத்து வந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே மொழியில் இரண்டு சொல் சொன்னதும் அழுகை குறைந்தது. பேச்சு கூட்டாளிகளிடமிருந்து வருகிறது, வலிக்கும்போது தேடும் இடம் வீட்டில் அமைகிறது என்று நான் அன்று முடிவு செய்தேன். அடித்தளம் வீடு, அதன்மேல் எழும் சுவர்களே கூட்டாளிகள்.

என் மகனை 2006-இல், 15 வயதில், பதினோராம் வகுப்புக்காக வெளி மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை 10 நிமிடம் மட்டுமே தொலைபேசியில் பேச அனுமதி. அங்கே போன பிறகு அவன் எதற்கும் கண்கலங்கியதில்லை. வீட்டில் அடித்தளம் சரியாக இருந்ததால்தான் அவன் அப்படித் தாங்கினான் என்று நினைக்கிறேன்.

3. ஜூன் 22, பகல் 1.15

ஒருவர் தங்கள் ஊரில் காய், பழம் என்ற சொற்களே இல்லை, டூ, சேத்தி என்றுதான் சொல்வார்கள் என்கிறார். விரல்களும் ஊருக்கு ஊர் மாறலாம். நான் சொன்னது நான் வேலை பார்த்த பள்ளிகளில் கண்டது. என் கருத்துக்கு வேண்டியது, முடிவுக்கும் ஒரு சைகை இருப்பது.

4. ஜூன் 24, இரவு 10.20

அடித்தளம், சுவர் என்று நான் எழுதியதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது போதாது. அடித்தளமே கூட்டாளிகளாக அமைந்த குழந்தைகள் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள்.

1945 அக்டோபரில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வெஸ்ட் ஹோத்லி என்ற ஊரில் இருந்த புல்டாக்ஸ் பேங்க் என்னும் வீட்டுக்கு 6 குழந்தைகள் கொண்டுவரப்பட்டார்கள். எல்லாருக்கும் 3 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில். யூதக் குழந்தைகள், பெற்றோர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். தங்கள் முதல் வயதிலேயே தெரேசியன்ஸ்டாட் என்னும் நாஜி முகாமுக்கு வந்து சேர்ந்து, தாயில்லாக் குழந்தைகளுக்கான பகுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் கைதிகளே. பசியோடும் வேலைச் சுமையோடும் இருந்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் வேறு முகாமுக்கு அனுப்பப்படக்கூடியவர்கள். ஆகவே அந்தக் குழந்தைகளின் வாழ்வில் நிலையாக இருந்தவர்கள் அந்தக் குழந்தைகள் மட்டுமே.

குழந்தை உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃபிராய்டும், அந்த வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சோஃபி டானும் 1951-இல் வெளியிட்ட பதிவு, அவர்கள் வந்த முதல் நாட்களை விவரிக்கிறது. பொம்மைகளை உடைத்தார்கள், பெரியவர்களைக் கடித்தார்கள், அவர்கள்மேல் துப்பினார்கள். ஆனால் தங்களுக்குள் அவர்கள் நடந்துகொண்டது வேறு மாதிரி. ஒருவரை விட்டு ஒருவர் பிரிய மறுத்தார்கள். ஒருவர் வேறு அறையில் இருந்தால் மற்றவர்கள் அவரையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். உணவு வந்தால், தான் உண்பதைவிட மற்றவருக்குக் கொடுப்பதில் அக்கறை காட்டினார்கள். உடன்பிறந்த குழந்தைகளிடையே நாம் நாள்தோறும் பார்க்கும் பொறாமை அவர்களிடம் ஏறத்தாழ இல்லை. அந்தப் பொறாமை எதற்காக எழுகிறது என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: போட்டியிட்டுப் பெறுவதற்கு அவர்களுக்குத் தாயின் மடி என்ற ஒன்று இருக்கவில்லை. புல்டாக்ஸ் பேங்கில் பெரியவர்கள்மேல் மெல்ல மெல்லப் பற்று ஏற்பட்டபோது, அதோடு கூடவே பொறாமையும் தலைகாட்டியது என்பதை அந்தப் பதிவில் படித்த இடத்தில் நான் சிறிது நேரம் நிறுத்திவிட்டேன்.

அந்தக் குழந்தைகள் அமைதியற்றவர்களாக, எளிதில் சீண்டப்படுபவர்களாக, கையாளக் கடினமானவர்களாக இருந்தார்கள். ஆனால் அன்பு செலுத்தத் தெரியாதவர்களாக இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் அதைக் கற்றிருந்தார்கள். ஆகவே நான் 22-ஆம் தேதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். வலிக்கும்போது தேடும் இடத்தை வீடு மட்டும்தான் அமைக்கும் என்பது சரியல்ல. யார் விட்டுப் போகாமல் இருக்கிறார்களோ அவர்களிடம் அது அமைகிறது.

5. ஜூன் 25, காலை 6.30

குரங்குகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கம்பித் தாயும் துணித் தாயும் என்று எல்லாரும் சொல்லும், அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் சோதனை 1958-இல் வெளிவந்தது. தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு, கம்பியால் செய்த ஒரு தாய் உருவத்தையும் துணி சுற்றிய இன்னொன்றையும் வைத்தார். பால் கம்பியில் இருந்தாலும் குட்டி துணியைத்தான் கட்டிக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால், 1972-இல், அவரும் ஸ்டீபன் சுவோமியும் வெளியிட்டது. பிறந்தது முதல் 6 மாதம் தனியாக அடைத்து வளர்க்கப்பட்டுச் சிதைந்துபோன குட்டிகளை, அவற்றைவிட இளைய, 3 மாதக் குட்டிகளோடு விட்டார்கள். அந்தச் சின்னவை அடிக்கவில்லை. போய் ஒட்டிக்கொண்டன, பிறகு விளையாட அழைத்தன. பெரியவை பெரும்பாலும் தேறின. குட்டிகளை அப்படி அடைத்து வைத்தது எனக்குப் பொறுக்க முடியாத செயல். அதையும் சொல்லாமல் அதன் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

வகுப்பில் ஒதுங்கியிருக்கும் குழந்தையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்ட அனுப்புவது என் வழக்கம். இந்த ஆய்வைப் படிப்பதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தேன். சின்னக் குழந்தைகள் பழைய கணக்கு எதையும் மனத்தில் வைத்திருப்பதில்லை.

6. ஜூன் 27, இரவு 11.05

கேள்வி கேட்ட அம்மா பதில் எழுதியிருக்கிறார். மதியம் அவர் மகள் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறாள். ஆனால் மற்றவர்கள் அவளைத் துரத்துவதில்லை, விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே வகுப்பு அவளை ஒதுக்கவில்லை. என் இரண்டாவது கேள்விக்கும் அவர் ஒளிக்காமல் விடை சொல்லியிருக்கிறார், அதற்காக அவரை நான் வணங்குகிறேன். அவர் வீட்டில் கத்துவதில்லை, அடிப்பதில்லை. சண்டை வந்தால் பேச்சு நின்றுவிடும். இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரம். “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்” என்று மகள் வழியாகவே செய்தி போகும். பிறகு எப்படியோ ஒரு நாள் பேச்சு வந்துவிடும். அவர்கள் சண்டையிட்டதை மகளிடம் சொன்னதே இல்லை, அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாராம்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். தாய் சில மாதக் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தை அசைக்காமல், எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை உடனே கண்டுகொள்கிறது. சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் முகம் மாறவில்லை என்றதும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறது, உடல் தளர்கிறது, அழுகிறது. கோபமான முகம் அல்ல, வெறும் அசையாத முகம், அவ்வளவுதான். பேசத் தெரியாத குழந்தைக்கே அது எட்டுகிறது என்றால், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குத் தன் வீட்டின் மௌனம் தெரியாமல் இருக்குமா?

அதே ட்ரானிக் கண்ட இன்னொன்று, எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லி அவர்களுடைய தோள் இறங்கியதை நான் பார்த்த செய்தி. நன்றாக இருக்கும் தாயும் குழந்தையும்கூட, ஒருவர் மனநிலை மற்றவர் மனநிலையோடு பொருந்தி இருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம் மட்டுமே. மிச்ச நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது. குழந்தை அழுதால் நாம் பசி என்று நினைத்துப் பாலூட்டப் போகிறோம், அது முகத்தைத் திருப்புகிறது, தோளில் போட்டுக்கொள்கிறோம், அடங்குகிறது. இப்படி ஆயிரம் முறை நடக்கும்போது, பிசகியது சரியாகும் என்பது அதன் உடம்பில் ஏறிவிடுகிறது. பிசகே இல்லாத வீட்டில் வளரும் குழந்தைக்கு இதைக் கற்க வாய்ப்பில்லை. அப்படி ஒரு வீடும் இல்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? சண்டை கூடத்தில் நடக்கிறது, குழந்தையின் கண்முன். சமாதானம் அடுப்பங்கரையில், கதவுக்குப் பின்னால், அல்லது குழந்தை தூங்கிய பிறகு நடக்கிறது. பெரும்பாலும் அதற்குச் சொல்லே இல்லை. மேசைமேல் ஒரு டம்ளர் காப்பி வைக்கப்படுகிறது. கேட்காமலே வைக்கப்பட்டதால், அதை எடுத்துக் குடித்தால் சண்டை முடிந்தது என்று இரண்டு பெரியவர்களுக்கும் தெரியும். அது அழகான வழக்கம்தான், நானும் என் கணவரும் 27 ஆண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தோம். ஆனால் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் காப்பி வெறும் காப்பி. கோபம் வந்ததை அது பார்த்தது. கோபம் போனதைப் பார்க்கவில்லை. ஆகவே கோபம் என்பது எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாத ஒன்று என அது கற்றுக்கொள்கிறது.

இந்தக் கல்வியோடு ஒரு குழந்தை பள்ளிக்குப் போகிறது. தோழி சுண்டுவிரலை நீட்டுகிறாள். மற்றக் குழந்தைகளுக்கு அது மதியம்வரை நீடிக்கும் காய். இந்தக் குழந்தைக்கு, முடிவு தெரியாத மௌனம் வீட்டிலிருந்து பள்ளிக்கும் வந்துவிட்டது. தானாகப் போய்ப் பழம் விடலாம் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்காது, ஏனென்றால் சமாதானத்தை ஒருவர் தொடங்கி வைப்பதை அவள் கண்ணால் கண்டதில்லை.

பெற்றோரின் சண்டை குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ், சண்டை தீர்ந்ததைப் பார்த்த குழந்தைகளின் கலக்கம் வெகுவாகக் குறைவதைக் கண்டார். கதவுக்குப் பின்னால் தீர்ந்திருந்தாலும், தீர்ந்துவிட்டது என்பதைப் பிறகு குழந்தைக்குத் தெரியப்படுத்தினால் அதுவும் உதவுகிறது. ஆகவே அம்மா, இனிச் சண்டையே போடக் கூடாது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை காப்பியை வைக்கும்போது, மகள் காதில் விழும்படி, “நேற்று நான் கோபமாக இருந்தேன், இப்போது இல்லை” என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவரும் ஏதாவது சொல்லட்டும். முதல் முறை நாக்கு எழாது.

7. ஜூன் 28, காலை 7.00

மகளுக்கு 7 வயதாகிவிட்டதே, காலம் கடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, 7 வயது தாமதம் அல்ல. ருமேனியாவின் அநாதை இல்லங்களை மேற்கோள் காட்டி ஒருவர் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2 வயதுக்கு முன் போனவர்களுக்கு, வளர்ப்பவரிடம் கொள்ளும் பற்றுணர்வில் கிடைத்த பலன் அதிகம். இது உண்மை. ஆனால் அது எவர் மடியும் இல்லாமல் கட்டிலில் கிடந்த குழந்தைகளின் கதை. பேசாத ஒரு வாரத்தைக் கண்ட உங்கள் மகளை அந்தத் தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

அதைவிட ஹவாயின் கவாய் தீவில் உளவியலாளர் எமி வெர்னர் செய்த ஆய்வைப் பாருங்கள். 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பச் சச்சரவு எனப் பல இடர்கள் ஒன்றாகச் சூழ்ந்த குழந்தைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவராக வளர்ந்தார். அவர்களிடம் அவர் கண்ட பொதுவான ஒன்று, உறுதியாகப் பற்றிக்கொள்ள ஒருவராவது இருந்தது. அது தாயாகவே இருக்கவேண்டும் என்றில்லை, தாத்தா பாட்டியோ மூத்த உடன்பிறப்போ ஆக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு என் அம்மிச்சியின் சுருக்குப்பை நினைவுக்கு வந்தது. என் அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் நான் அந்தச் சுருக்குப்பையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்குவேன்.

உங்கள் மாமியாரையும் இதில் சேருங்கள். “கண்டுகொள்ளாதே” என்று சொன்னவராக இருந்தாலும், மாலையில் பிள்ளையின் தலையை வாரிவிடுவது அவர்தானே?

8. ஜூலை 2, இரவு 1.30

என் மகனைப் பற்றி இரண்டாம் குறிப்பில் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும், முழுவதுமாக.

இங்கே ஒருவர் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே பல பத்தாண்டுகள், குழந்தைகள் இரவிலும் பெற்றோரோடு தூங்காமல், குழந்தைகள் இல்லத்தில் சம வயதினரோடு தூங்கினார்கள். ஓரிரு பெண்கள் முறைவைத்து இரவில் காவல் இருந்தார்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பகல் வாழ்க்கை ஒரே மாதிரியாக இருந்து, இரவு மட்டும் வேறுபட்ட இரு கிப்புட்ஸ் குழந்தைக் குழுக்களை ஒப்பிட்டது. இரவில் வீட்டுக்குப் போனவர்களில் 80 சதவீதத்தினர் தாயிடம் பாதுகாப்பான பற்றுடன் இருந்தார்கள். இல்லத்தில் தூங்கியவர்களில் 48 சதவீதத்தினரே. இதை அளக்கும் முறையை வகுத்தவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த். தாய் அறையை விட்டுப் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதல்ல அதில் முக்கியம். அவள் திரும்பி வரும்போது குழந்தை அவளிடம் போய் ஆறுதல் அடைகிறதா என்பதே. போன அம்மா திரும்பி வந்தும் நிமிர்ந்து பார்க்காமல் பொம்மையோடு இருக்கும் குழந்தையும் உண்டு. பார்ப்பவர்கள் அதைச் சமர்த்து என்பார்கள்.

இதை எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மகனை அழைத்தேன். அவனுக்கு இப்போது 33 வயது, கோவையில் இருக்கிறான், 4 வயதில் ஒரு மகள். அந்த விடுதியில் இரவில் அழுதிருக்கிறாயா என்று கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, முதல் மூன்று மாதம் எல்லா நாளும் என்றான். ஞாயிற்றுக்கிழமை 10 நிமிடத்தில் நான் மதிப்பெண்களைத்தான் கேட்பேனாம், அதனால் மற்றது எதையும் சொல்லவில்லையாம். அவன் அழுதால் விழித்துக்கொண்டது பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன். அந்தப் பையன் ஒன்றும் பேச மாட்டானாம். கட்டில் கம்பி வழியாகக் கையை நீட்டி இவன் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வானாம்.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். இவன் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். 2019-இல் மகனுக்கு வேலை போனது எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவனுக்கு அன்றே தெரியும். மருமகளுக்குப் பிரசவ வலி வந்த இரவும் மகன் முதலில் அழைத்தது அவனைத்தான். இத்தனையையும் பார்த்துக்கொண்டே, என் மகன் கண்கலங்காதவன், நான் போட்ட அடித்தளம் அது என்று பத்து நாள் முன்பு இங்கே எழுதியிருக்கிறேன். புல்டாக்ஸ் பேங்க் குழந்தைகளைப் பற்றி அவ்வளவு எழுதியவளுக்கு, தன் பிள்ளை எந்தக் கட்டிலில் படுத்திருந்தான் என்பது தெரியாமல் போயிற்று.

“உன்னை அங்கே அனுப்பினது தப்பு கண்ணு” என்றேன். “பரவால்லம்மா. சாப்டியா?” என்று கேட்டான்.

9. ஜூலை 5, மாலை 4.00

வகுப்பறையைப் பற்றியும் ஒன்று எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே ஆசிரியர்கள் சிலர் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1998-இல், நான்காம் வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனின் ஜாமெட்ரி பெட்டியை எடுத்துவிட்டான். ஒரு வாரம் இவனோடு யாரும் பேசக் கூடாது என்று நான் வகுப்புக்குச் சொன்னேன். அடிக்கவில்லை என்பதால் அது மென்மையான தண்டனை என்று நினைத்தேன். குழந்தைகள் தாங்களாக விடும் காயை, முடிக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்து, 40 பேர் சேர்ந்து ஒருவன்மேல் விடும்படி செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சிறுமி, என் கட்டளையையும் மீறாமல், ஒரு சொல்லும் பேசாமல், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கொய்யாத் துண்டு ஒன்றை அவன் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அவன் அதைச் சாப்பிடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மதியமே தண்டனையை நிறுத்தினேன். ஆனால் அவனிடம் நான் செய்தது தவறு என்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கனடாவில் நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளைத் தொடர்ந்து, 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீண்டலுக்கு ஆளாகும் குழந்தைக்கு ஒரே ஒரு நெருங்கிய நட்பு இருந்தால்கூட, சீண்டல் வளர்ந்துகொண்டே போகும் சுழலிலிருந்து அது காக்கிறது என்று கண்டார்கள். அந்தக் கொய்யாத் துண்டை நினைக்காமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை. ஆசிரியர்களே, பேசாமல் ஒதுக்கி வைப்பதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள்.

10. ஜூலை 6, காலை 8.15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 40 பேர் என்றேன், அந்த ஆண்டு வகுப்பில் 36 பேர். பழைய குழுப் படத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அந்தப் பையன் கடைசி வரிசையில், ஓரத்தில் நிற்கிறான். கொய்யா கொடுத்தவள் முன்வரிசையில்.

11. ஜூலை 14, காலை 6.10

கேள்வி கேட்ட அம்மாவின் கடிதம் வந்தது. பழைய தோழி திரும்பி வரவில்லை. அவளும் புதியவளும் இன்னும் ஒன்றாகவே உட்காருகிறார்கள். அதை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அந்தக் குழந்தைக்கும் தனக்குப் பிடித்தவரைத் தேர்ந்துகொள்ள உரிமை உண்டு. ஆனால் மகள் இப்போது முன்வரிசையில், அதிகம் பேசாத ஒரு பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். காலை வயிற்றுவலி வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. வீட்டில் ஒரு சண்டை வந்து, இரண்டாம் நாள் கணவர் மகளின் முன்னால், “அம்மாமேல எனக்குக் கோபம் போயிடுச்சு” என்று சொன்னாராம். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் இரண்டு பேரும் விரலைக் காட்டுங்கள் என்றாளாம். காட்டினார்களாம்.

என் மகனைப் பற்றி விசாரித்தவர்களுக்கு நன்றி. நேற்று இரவு 11 மணிக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது. பேத்திக்குக் கடும் காய்ச்சல், மருமகள் ஊரில் இல்லை, மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். உன் நண்பனிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன்.

“இன்னும் இல்லம்மா. இனிமேல்தான் சொல்லணும்” என்றான்.